கண் பிரஷர் நார்மல். ஆனாலும் அடைப்பு ஏன்?

குளுக்கோமா (கண் அழுத்த நோய்) வாரத்தில் இலவசக் கண் முகாம்கள் நடக்கின்றன. போகலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் ஒரு புகார் திரும்பத் திரும்ப வருகிறது: போன வருஷ முகாமில் கண் பிரஷர் நார்மல் என்று சீட்டு கொடுத்தார்கள், இப்போது ரெட்டினாவில் (விழித்திரையில்) வெயின் (சிரை) அடைப்பு என்கிறார்கள். யார் சொல்வது பொய்?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். சோதித்த அந்த நிமிடத்தில் விழிக்குள் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருந்தது. முகாம் சீட்டின் 'நார்மல்' அவ்வளவுதான். விழித்திரையைப் பார்த்தார்களா என்பதை அந்தச் சீட்டு சொல்லாது.

விழித்திரைக்குப் பின்னாலுள்ள கோராய்டு படலத்தின் ரத்தம் வடிய நான்கைந்து சுழல் சிரைகள் உண்டு. விழித்திரைக்கோ ஒரே மையச் சிரைதான். வில்லங்கம் அதன் பாதையில் இருக்கிறது. விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கே கடக்கும் இடங்களில் இரண்டையும் சேர்த்து ஒரே உறை சுற்றியிருக்கிறது. பெரும்பாலும் தமனி மேலே, சிரை கீழே. மையச் சிரை பார்வை நரம்போடு கண்ணைவிட்டு வெளியேறும் சல்லடைத் தட்டிலும் மையத் தமனி அதை ஒட்டியே நிற்கிறது. ரத்தக்கொதிப்பு பல வருஷம் கட்டுக்குள் இல்லாவிட்டால் தமனியின் சுவர் தடித்து இறுகும். உறையோ விரிந்து கொடுக்காது. மெல்லிய சுவருள்ள சிரை நசுங்கும். அங்கே ஓட்டம் கலங்கி, உட்சுவர் கெட்டு, ரத்தம் உறையும். கெட்டது தமனி, அடைபடுவது சிரை! தமனி மட்டும் சளைக்காமல் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வடிகால் அடைத்த தொட்டிக்கு மோட்டார் ஓடுவதுபோல. தேங்கிய ரத்தம் நுண்குழாய்களிலிருந்து கசிந்து, கூர்பார்வைக்கான மாக்குலா வீங்கும். பெரும்பாலும் வலியே இருக்காது. காலையில் எழுந்தால் ஒரு கண் மங்கியிருக்கும்.

விழியின் உள்ளழுத்தம் கூடுவதும் மையச் சிரை அடைப்புக்கு ஒரு காரணம்தான். முகாம் வீண் இல்லை. ஆனால் பெரிய குற்றவாளி, கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிபி.

இதற்குக் கண்ணில் போடும் ஊசி அடைப்பை எடுக்குமா? எடுக்காது. பெவாசிஸுமாப், ரானிபிஸுமாப் போன்றவை கசிவைத் தூண்டும் புரதத்தைத் தடுத்து வீக்கத்தை வடிக்கின்றன. அவற்றின் பலன் தற்காலிகம் என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள்.

சொட்டு மருந்தில் கரையுமா? கரையாது.

இன்னொரு கண்ணுக்கும் வருமா? வரலாம்.



முகாமுக்குப் போகிறவர்கள், மருந்து விட்டுப் பாவையை விரித்து விழித்திரையையும் பார்ப்பார்களா என்று கேளுங்கள். அங்கேயே பிபியும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண் திடீரென மங்கினால் அடுத்த முகாமுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.