கட்டுச்சோறும் கடை வாங்கும்

கடைச் சாப்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே எம் அம்மம்மா முகத்தைச் சுளிப்பார். மண்டைதீவிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போவதென்றால் எம் சிறுவயதில் அஃது ஒரு பிரயாணம். பண்ணைக் கடலின் மேலாகச் செல்லும் தாம்போதியைப் பஸ்வண்டி கடக்கச் சில நிமிடங்களே ஆகும். ஆயினும் அம்மம்மா விடியற்காலையில் எழுந்து புட்டு அவித்து, வாழையிலையை நெருப்பில் வாட்டி, கத்தரிக்காய்ப் பொரியலும் தேங்காய்ச் சம்பலும் வைத்துப் பொதி கட்டிவிடுவார். “கடையிலை வாய் வைக்கக் கூடாது. சுத்தமில்லை” என்பது அவருடைய கட்டளை. நாலு மைல் தூரத்துக்கு நாற்பது மைல் ஆயத்தம்!

அக்கட்டளையை நாம் முதன்முதலாக மீறியது எட்டு வயதில். ஆசுபத்திரி அலுவலாக எம்மைக் கூட்டிச் சென்ற மாமா, திரும்பும் வழியில் கடைத்தெருவிலுள்ள ஒரு சைவக் கடைக்குள் எம்மையும் இழுத்துக்கொண்டு நுழைந்துவிட்டார். “அம்மம்மாட்டைச் சொல்லிப்போடாதை” என்று எச்சரிக்கை வேறு. மரவாங்கில் ஏறி உட்கார்ந்தோம். கால் நிலத்தில் முட்டவில்லை. ஒருவர் வந்து, நாம் கேட்காமலே, ஒரு தட்டு நிறைய வடை, போண்டா, வாய்ப்பன் எல்லாம் வைத்துவிட்டுப் போனார். இத்தனையும் நமக்கே என்று எண்ணி நாம் புகுந்து விளையாடிவிட்டோம். எழும்பும்போது தட்டில் எஞ்சியதைப் பார்த்து உண்டதற்குக் கணக்குச் சொல்வதே யாழ்ப்பாணத்துக் கடை வழக்கம் என்பது எமக்கெப்படித் தெரியும்? மாமாவின் முகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. எமக்கு முன் வந்தவர் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு வைத்த வடையும் அந்தத் தட்டில் இருந்திருக்கலாம். அம்மம்மா சொன்ன சுத்தக் குறைவு இவ்வளவில் உண்மைதான்.

பொதியை அவிழ்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்ததனால் அகப்பட்டுக்கொண்டோம் என்பது தனிக்கதை.

அந்த வீட்டின் கோடிப்புறத்து இறப்பிலே ஒரு தகரப்பேணி செருகியிருக்கும். எம் வளவில் பனை ஏற வரும் ஒருவருக்குத் தேநீர் வார்ப்பதற்கென வைத்த பேணி அது. வார்ப்பவர் பேணியைத் தொடுவதில்லை; உயரத்தில் நின்று ஊற்றுவார். குடித்தவர் தாமே கழுவி, இருந்த இடத்திற் செருகிவிட்டுப் போவார். எம்மைவிட நாற்பது வயது மூத்தவர். எனினும் நாமும் அவரைப் பெயர் சொல்லியே அழைத்தோம், அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். கடைத்தெரு வாங்குக்கும் இறப்பிலிருந்த பேணிக்கும் தொடர்பு உண்டென்பது எமக்குப் புரியப் பல வருடங்கள் சென்றன.

1990ஆம் ஆண்டு தீவகத்து மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது எம் குடும்பமும் பட்டணத்துப் பாடசாலை ஒன்றில் ஒதுங்கிற்று. பொதுக் கிடாரத்தில் காய்ச்சிய கஞ்சியை வரிசையில் நின்று வாங்கினோம். அம்மம்மாவும் வாங்கிக் குடித்தார். யார் காய்ச்சியது என்று அவர் கேட்கவில்லை.

பின்னாளில் படிப்பும் உத்தியோகமும் எம்மைப் பல இடங்களுக்கு இழுத்துச் சென்றன. அங்கெல்லாம் கடைச் சாப்பாடே கதி. கண்டி வீதியாற் கொழும்புக்குப் போகும் எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்றுதான் போகும். தேங்காய் உடைத்தல் பக்தி. பக்கத்திற் சுடச்சுட வறுத்த கச்சான் வாங்குதல் பக்தியின் பிற்பகுதி. புகைவண்டிப் பிரயாணத்தின் ருசியோ வேறு. 1956இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவி, 1990இல் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தி, 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் மீண்டும் வந்து சேர்ந்தது. பெட்டிக்குப் பெட்டி கூடையோடு ஏறியிறங்கும் வடைக்காரர் கொடுக்கும் வடை, அதைச் சுற்றிய பழைய கொப்பித்தாள், அத்தாளிலே எவனோ ஒரு மாணவன் பிழையாகச் செய்த கணக்கு! ஆசிரியத் தொழில் செய்பவருக்கு வடையைத் தின்றுவிட்டுக் கணக்கைத் திருத்தாமல் இருக்க முடிவதில்லை.

கொழும்பிலே பம்பலப்பிட்டியிலுள்ள சரஸ்வதி லொட்ஜும் கிறீன்லண்ட்ஸும் வடக்கிலிருந்து சென்ற எத்தனையோ பேருக்குத் தாய்வீடுகள். தோசையை மடித்து வாயில் வைக்கும்போது, எதிரே இருப்பவர் சிங்களவரா, முஸ்லிமா, மலையகத்துத் தமிழரா என்று யார் பார்த்தோம்? பார்க்கவேண்டுமென்ற எண்ணமே எழவில்லை. பசியுள்ள ஒருவர், மேசையின் மறுபக்கம் இருக்கிறார், அவ்வளவுதான்.

சென்னையில் எமக்கு நேர்ந்ததை மாணவர்களிடம் சொன்னால் இன்றும் சிரிப்பார்கள். மரக்கறி உணவுச்சாலை ஒன்றில் இலைமுன் அமர்ந்து, “இன்றைக்கு என்ன கறி?” என்று வினவினோம். பரிமாறுபவர் பதறிப்போய், “சார், இது சைவ ஹோட்டல்!” என்றார். நமக்குக் கறி என்றால் கத்தரிக்காயும் கறிதான். அங்கே கறி என்றால் இறைச்சி. சொதி கேட்டோம், அப்படியொரு பதார்த்தத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. சாம்பாரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மூன்றாம் நாள், தேங்காய்ப் பாலுக்காக ஏங்கி நின்றோம் என்பதை ஒளிப்பானேன்?

பாரிஸ் நகரத்து லா சப்பல் பகுதியில் ஏங்கவேண்டியதில்லை. வடக்குப் புகைவண்டி நிலையத்துக்கு அண்மையில் தெருவெல்லாம் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். கொத்துரொட்டி போடும் தாளம் வாசல்வரை கேட்கும். குளிருக்கு அஞ்சி ஒரு கடைக்குள் நுழைந்து பால்தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அடுத்த மேசையிலிருந்த நடுவயதுக்காரர் பேச்சைக் கேட்டுவிட்டு அன்போடு திரும்பினார். “நீங்கள் எவடம்?” மண்டைதீவு என்றோம். முகம் மலர்ந்தது. “மண்டைதீவிலை எந்தப் பக்கம்?” சொன்னோம். “அங்கை ஆற்றை ஆக்கள்?” என்றார்.

யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் அம்மூன்றாவது கேள்வியின் பொருளை விளக்கவேண்டியதில்லை. கேட்டவர் கெட்டவருமல்லர், எம் தேநீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கவே முற்பட்டார். ஆயினும் பதிலைப் பொறுத்து அந்த நாற்காலி நெருங்கியிருக்கும் அல்லது விலகியிருக்கும். பம்பலப்பிட்டியில் யாரும் கேட்காத கேள்வி, ஐயாயிரம் மைலுக்கு அப்பால், சொந்த ஊர்ப் பேச்சிலே வந்து நின்றது. அன்றுதான் இறப்பிலிருந்த பேணி நினைவுக்கு வந்தது.

அம்மம்மா ‘சுத்தம்’ என்று சொன்னது வடையைப் பற்றி மட்டுமன்று. கடை வாங்கிலே பக்கத்தில் யார் இருப்பார், அந்தக் கிளாசிலே முன்பு யார் குடித்திருப்பார் என்பதே அவருடைய கவலை. பசியாறும் இடத்திலே சாதியைக் காப்பது வீட்டில் எளிது, கடையிற் கடினம். ஆகவே கடையை வெறுத்தார்.

உண்மையில் அந்தக் கடைகளும் நெடுங்காலம் வீட்டைப்போலவே நடந்துகொண்டன. ஒதுக்கப்பட்ட சாதியார் உள்ளே வந்து வாங்கில் இருக்க முடியாது. வெளியே நிலத்திற் குந்தியிருக்க, போத்தலிலோ தகரப்பேணியிலோ சிரட்டையிலோ தேநீர் வார்ப்பார்கள். கே. டானியல் போன்றோர் தம் நாவல்களிற் காட்டிய உலகம் கற்பனையன்று. 1924இல் தோன்றிப் பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்து இளைஞர்கள், தம் கூட்டங்களிற் சமபந்தி போசனம் நடத்தி இவ்வழக்கத்தை உடைக்க முற்பட்டார்கள். 1930ஆம் ஆண்டளவில் பாடசாலைகளிற் பிள்ளைகளைச் சமமாக இருத்தத் தொடங்கியபோது சில பாடசாலைகளுக்கு நெருப்பு வைத்தவர்களும் இந்த மண்ணிலேதான் இருந்தார்கள். ஒரு வாங்கு அவ்வளவு பெரிய விஷயம்.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், உணவுச்சாலை முதலான பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றது. சட்டம் கொழும்பிலே, கடையோ யாழ்ப்பாணத்திலே. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு, தாகத்தோடு வாசலில் நின்றவர்களுடைய தலையிலேயே விழுந்தது. அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை, எம். சி. சுப்பிரமணியம் முதலானோர் முன்னிற்க, தேநீர்க்கடைப் பிரவேசத்தை நடத்திற்று. சில கடைகள் திறந்தன; சில முரண்டு பிடித்தன. அறுபதுகளின் பிற்பகுதியிலும் தேநீர்க்கடைக்காகவும் கோயிலுக்காகவும் போராட்டங்கள் நிகழவேண்டியிருந்தன. 1971இல் அச்சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்.

1957இலேயே சென்னைத் திருவல்லிக்கேணியில், உணவுச்சாலைப் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்குமாறு பெரியார் ஈ. வெ. ராமசாமியின் இயக்கத்தார் மறியல் செய்தார்கள். 1960ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கிறீன்ஸ்பரோ நகரிலே கறுப்பினக் கல்லூரி மாணவர் நால்வர், வெள்ளையர்க்கே உரியதாயிருந்த சிற்றுண்டி மேடையில் அமர்ந்து கோப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. அவர்கள் எழும்பவுமில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். அவ்வாண்டு யூலையில் அந்த மேடை எல்லார்க்கும் திறந்தது. இதைப் படிக்கும் மாணவர்கள், அந்நால்வரும் தங்கள் வயதினரே என்பதைக் கவனிக்க. எம் வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது பிள்ளைகள் மெய்ம்மறந்து கேட்டார்கள். “எங்கடை ஊரிலையும் இப்பிடி நடந்ததோ, சேர்?” என்று ஒரு மாணவி கேட்டபோது, கிறீன்ஸ்பரோவைச் சொன்ன அளவு எளிதாக அதைச் சொல்ல எம்மால் இயலவில்லை.

யாழ்ப்பாணத்துப் பெரியகடைப் பகுதியிலுள்ள மலாயன் கபேயில் வாழையிலைச் சாப்பாடு உண்டவர்கள், அங்குள்ள ஒரு வழக்கத்தைக் கண்டிருப்பார்கள். உண்டு முடித்தபின் இலையை நாமே எடுத்துச் சென்று, கை கழுவும் இடத்திலுள்ள துவாரத்தினூடாகப் போட்டுவிடவேண்டும். பட்டும் வேட்டியுமாக வந்தவரும் தம் எச்சில் இலையைத் தாமே தூக்கிக்கொண்டு நடப்பார். கலியாண வீட்டிலே இலை எடுப்பது யார் என்று ஒரு சாதி குறித்து வைத்திருந்த நாட்டில் இதை ஒரு சிறிய காரியமென்று நாம் நினைக்கவில்லை. பருப்பும் பொரியலும் எப்படி என்று கேட்பவர்களுக்கு: நன்று. ஆனால் இலையைத் தூக்கிச் செல்லும் அந்தப் பத்து அடிதான் எமக்கு அதிகம் பிடிக்கும்.

சென்ற வருடம் ஆசுபத்திரிக் கிளினிக் வாசலில், கையில் மருந்துப்பையோடு ஒரு முதியவர் நின்றார். உற்றுப் பார்த்தோம், எம் வளவிற் பனை ஏறியவர். எண்பத்தைந்து இருக்கும். மண்டைதீவுக்குத் திரும்பி வந்து மகளோடு இருப்பதாகச் சொன்னார். “அப்பு, வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்” என்றோம். ‘அப்பு’ என்று அழைத்தது அதுவே முதற்றடவை. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைத்தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்தோம். உள்ளே மின்விசிறிக்குக் கீழே இடமிருந்தது. அவரோ தெருப்பக்கமாக, போவோர் வருவோர் பார்க்கக்கூடிய வாங்காகப் பார்த்து உட்கார்ந்தார். வடைத்தட்டு வந்தது. பேச்சுப் பழைய நாளுக்குப் போயிற்று.

“சட்டம் வந்த பிறகு, மகாசபை ஆக்களோடை நாங்கள் அஞ்சாறு பேர் போனம் மாஸ்ரர். அதுக்கு முன்னம் போத்தலிலைதான் ஊத்தித் தருவினம். சூடு தாங்கேலாது, சால்வையைச் சுத்திப் பிடிச்சுக்கொண்டு குடிக்கிறது.”

“முதல் முதல் கிளாசிலை குடிச்ச தேத்தண்ணி எப்பிடி அப்பு இருந்தது?”

அவர் சிரித்தார். “ருசி ஆர் பார்த்தது? கை நடுங்கினது. கிளாசு விழுந்து உடைஞ்சால் அதுக்கு வேறை வழக்கு வைப்பாங்களோ எண்ட பயம்.”

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின் நாம், “வாற வெள்ளிக்கிழமை வீட்டை வாங்கோ. மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவம்” என்றோம். சொல்லும்போதே எம் குரல் எமக்கே சற்று உரத்துக் கேட்டது.

அவர் கிளாசை மேசையில் மெதுவாக வைத்தார். “உங்கடை வீட்டிலை நான் கனதரம் தேத்தண்ணி குடிச்சிருக்கிறன்தானே, மாஸ்ரர்” என்றார். குரலிற் கோபமில்லை.

நாம் தலை கவிழ்ந்திருந்தோம்.

“இஞ்சையே குடிப்பம்” என்றார் அவர். “அடுத்த கிளினிக் மாதக் கடைசியிலை. அண்டைக்கும் வாங்கோ.”

பரிமாறுபவர் வந்து தட்டைப் பார்த்துக் கணக்குச் சொன்னார். நாம் சட்டைப்பையிற் கை வைக்குமுன் அவர் மடியிலிருந்து நோட்டை எடுத்து நீட்டிவிட்டார். மாதக் கடைசியில் எம் முறை என்று பேசி முடித்து, பஸ் நிலையம்வரை சேர்ந்து நடந்தோம்.