கேரவன் விரிப்புக்கு அடியில்...

சாரல் காலம் பிறந்துவிட்டால் தென்காசி வட்டாரச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் தோற்றமே மாறிவிடுகிறது. குற்றாலத்தில் குளித்துவிட்டு, சூரியகாந்தி வயல்களைப் பார்ப்பதற்காகச் சுந்தரபாண்டியபுரத்துக்கு வருவோரில் செங்கோட்டைக் கணவாய் தாண்டி வரும் கேரளத்தவர் மிகுதி. 1992-இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தில் நாயகியின் ஊராகச் சொல்லப்பட்ட இந்தப் பேரூராட்சிக்குப் படப்பிடிப்புக் குழுக்களும் புதியன அல்ல. அதனால் 'கேரவன்' என்ற சொல்லுக்கு இங்கே விளக்கம் தேவைப்படுவதில்லை. படுக்கை, சிறு சமையல் மேடை, கழிப்பறை ஆகியவற்றோடு சாலையில் நகரும் வீடு அது.

நடிகர்களுக்கான குளிரூட்டப்பட்ட பெரிய கேரவன்கள் ஒரு வகை. பழைய வேனை வாங்கிச் சீர்செய்து குடும்பத்தோடு ஊர் சுற்றுவோரின் கேரவன்கள் மற்றொரு வகை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு 20, பஜாஜ் டெம்போவின் மெட்டடார் போன்ற வேன்களில் எஞ்சியிருப்பவற்றைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் ஆர்வம் அண்மைக் காலமாக வளர்ந்து வருகிறது. 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்த பிறகு, மலைக்கு இப்புறமும் அந்த ஆசை பரவியிருக்கிறது.

இத்தகைய பழைய வண்டியை வாங்கியவர் பெரும்பாலும் முதலில் செய்ய நினைக்கும் வேலை, ஓட்டுநர் அறையின் தரைவிரிப்பை மாற்றுவது. அது அழுக்காக இருக்கும், நாற்றமும் வீசும். குஷன் கடையில் வண்டியை விட்டால் ஒரே நாளில் பழையதைக் கிழித்தெறிந்து புதியதை ஒட்டித் தந்துவிடுவார்கள். வண்டி புதிதுபோல் ஆகிவிடும். ஆனால், விரிப்பு ஏன் நாறியது என்ற கேள்வி மட்டும் புதிய விரிப்புக்கு அடியில் புதைந்துபோகும்.

அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். வண்டிக்குள் குளிர்சாதனத்தை இயக்குவதற்காக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, தளத்தில் இருந்த ஒரு துளை வழியாக உள்ளே புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்களின் ஆய்வு கண்டறிந்தது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது பிணைந்துகொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு அயர்ச்சி. உறங்குபவருக்கோ அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. பழைய வண்டியில் இத்தகைய துளையை யாரும் துளைக்க வேண்டியதில்லை. துருவே போட்டுவிடும். அந்தத் துளையை நம் கண்ணிலிருந்து மறைத்து வைப்பது தரைவிரிப்பு.

ஓட்டுநர் அறையின் தளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடுதான். அதன் மேல் தார் அட்டை, அதற்கு மேல் சணல் அல்லது ஸ்பாஞ்சு, எல்லாவற்றுக்கும் மேல் விரிப்பு என்பது பழைய வேன்களில் பரவலாகக் காணப்படும் அமைப்பு. மேலே உள்ள விரிப்பு அரை நாள் வெயிலில் உலர்ந்துவிடும். இடையில் இருக்கும் ஸ்பாஞ்சு உலராது. ஈரத்தை வாரக்கணக்கில் தகட்டோடு ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும். கையால் தடவிப் பார்த்து 'காய்ந்துவிட்டது' என்று நாம் நிம்மதி கொள்ளும்போதும் அடியில் துரு தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும்.

கொட்டித் தீர்க்கும் மழையைவிடக் குற்றாலச் சாரல் இந்த வகையில் கெடுதல் மிக்கது. மழை நின்றால் வெயில் அடிக்கும். சாரலோ நாள் முழுவதும் தூறிக்கொண்டு, காற்றையே ஈரமாக வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு இருக்கையில் ஏறி அமர்பவர்கள் வேறு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது அருவியில் வழக்கமாக இருந்த காலத்தில், குளித்தவரின் காலிலிருந்து எண்ணெயும் விரிப்பில் இறங்கியது. எண்ணெய் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். இயற்கை ரப்பரையும் எண்ணெய் ஊதவைத்துக் கெடுத்துவிடும். அக்காலத்தில் குற்றாலத்துக்கு ஆண்டுதோறும் வந்த வண்டி எனில் இதைக் கணக்கில் கொண்டே தீர வேண்டும்.

ஆகவே, முதலில் தேட வேண்டியது விரிப்புக் கடையை அல்ல. தண்ணீர் வரும் வழியை. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பழைய வண்டிகளில் காய்ந்து வெடித்திருக்கும். அதன் கீழ் மூலைகளில் இறங்கும் நீர், டேஷ்போர்டுக்குப் பின்புறமாக வழிந்து ஓட்டுநரின் பாதத்தருகே வந்து தேங்கும். கதவின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கான சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டால் கதவுக்குள் தேங்கும் நீர் உட்புறம் கசியும். கிளட்ச் கம்பி, மின்கம்பிகள் தளத்தையும் முன்தகட்டையும் துளைத்துச் செல்லும் இடங்களிலுள்ள ரப்பர் வளையங்களும் பார்க்கப்பட வேண்டியவை. விரிப்பை எடுத்துவிட்டு, ஒருவர் உள்ளே அமர்ந்து பார்த்திருக்க, மற்றொருவர் வெளியே குழாயால் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாக நீரைப் பாய்ச்சினால் கசிவு எங்கே என்பது தெரிந்துவிடும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடத்திலும் நீர் வழிந்து, எது காரணம் என்று பிரித்தறிய முடியாது.

இருக்கைகளைக் கழற்றியபின் பழைய விரிப்பை எடுப்பதிலும் பொறுமை வேண்டும். எவ்வளவு நைந்திருந்தாலும் அதைக் கிழிக்காமல் எடுத்து வைப்பது நல்லது. கியர் கம்பி, கைப்பிரேக், இருக்கைப் போல்ட்டுகள் ஆகியவற்றுக்கான துளைகள் எங்கே அமைய வேண்டும் என்பதற்கு அதைவிடச் சரியான அளவுத்தாள் கிடைக்காது. எந்த அடுக்கு எங்கே எவ்வளவு தடிமனில் இருந்தது என்பதையும் படமெடுத்துக்கொள்ளலாம்.

பிறகு தகடு வெளிப்படும். மேலே செம்மண் பூசியதுபோல் இருக்கும் துரு அச்சப்பட வேண்டியதன்று. கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, ரெட் ஆக்சைடு பூசி, வண்ணம் அடித்தால் போதும். ஸ்க்ரூ டிரைவரின் முனையால் தட்டும்போது கணீரென்ற ஓசைக்குப் பதிலாக மொத்தென்ற ஓசை எழுந்தாலோ, முனை உள்ளே இறங்கினாலோ, அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். இங்கேதான் குறுக்குவழிகள் குறுக்கிடுகின்றன. ஓட்டையின் மேல் தார் அட்டை ஒட்டுவது, எம்-சீல் அடைப்பது, அதன்மேல் விரிப்பைப் போட்டு மூடுவது என்று வேலையை முடித்துவிடுவோர் உண்டு. இருக்கையின் போல்ட்டுகளும் இருக்கைப் பட்டையின் பிடிப்பும் இந்தத் தளத்தையே நம்பியிருக்கின்றன என்பதை நினைத்தால் அதற்கு மனம் துணியாது. பற்றவைக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எரிபொருள் தொட்டியும் குழாய்களும் எங்கே செல்கின்றன என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபிறகே நெருப்பைக் கொண்டுவர வேண்டும். தகரப்பட்டறையில் அனுபவமுள்ளவர் இதைக் கேட்காமலே செய்வார்.

மெட்டடார், ஸ்டாண்டர்டு 20 போன்றவற்றில் எஞ்சின், ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே ஒரு மூடிக்குள் அமர்ந்திருக்கிறது. அந்த மூடியின் விளிம்பில் உள்ள ரப்பர் பட்டையே எஞ்சினின் சூட்டையும் புகையையும் மனிதரிடமிருந்து பிரிக்கும் எல்லை. விரிப்பை மாற்றும்போது இதையும் மாற்றாவிட்டால் செய்த வேலை அரைகுறைதான். மூடியின் உட்புறத்தில் சாதாரண ஸ்பாஞ்சை ஒட்டுவது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும். அங்கே அலுமினியத் தாள் போர்த்திய, வெப்பம் தாங்கும் தகடே பொருந்தும்.

இனி விரிப்பு. பழைய வேன்களில் பலவற்றின் ஓட்டுநர் அறையில் ஆலையிலிருந்து வந்தது துணி விரிப்பே அல்ல, ரப்பர் விரிப்புதான். ஜெர்மனியின் புகழ்பெற்ற ஃபோக்ஸ்வாகன் வேனும் அப்படித்தான் வந்தது. வேலைக்கான வண்டி, சேற்றுக்காலோடு ஏறுவார்கள், கழுவிவிட்டால் போதும் என்பது அதை வடிவமைத்தவர்களின் எண்ணம். மென்மையான துணி விரிப்பு பெரும்பாலும் பின்னாளில் வந்த உரிமையாளர்களின் ஆசை. 2021-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே பேணப்படும் வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கிறது. அந்தப் பதிவை நாடுவோர் ரப்பருக்குத் திரும்புவது வடிவத்துக்கும் பொருத்தம், சாரலுக்கும் பொருத்தம். ஆனால், அந்தப் பதிவெண் கொண்ட வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

துணி விரிப்புதான் வேண்டும் என்போர் ஒட்டாத வகையைத் தேர்ந்தெடுப்பது நன்று. பசை தடவித் தளத்தோடு ஒட்டிவிட்டால் மீண்டும் தூக்கிப் பார்க்க வழியில்லை. அழுத்துப் பொத்தான்களால் பிணைத்தால், மாதம் ஒருமுறை எடுத்து உலர்த்தலாம். அடியில் ஸ்பாஞ்சுக்குப் பதிலாக நீரை உறிஞ்சாத, கண்ணறைகள் மூடிய ஃபோம் தாள் கிடைக்கிறது. வீட்டுக்கு வாங்கும் மலிவான விரிப்பை வண்டியில் போடக் கூடாது. வண்டியின் உட்புறப் பொருள்கள் தீப்பற்றும் தன்மைக்கென ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அமெரிக்காவில் 1972 முதல் நடைமுறையில் உள்ள விதி, நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக் கூடாது என்கிறது. கடைக்காரரிடம் இதைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டாம். பத்தமடைப் பாயையும் தென்னை நார் விரிப்பையும் போடலாமே என்று நம் ஊர்ப்பற்று சொல்லக்கூடும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்களின் இருக்கைக்குள் ஒரு காலத்தில் தென்னை நார் மெத்தை இருந்ததும் உண்மையே. ஆயினும் கோரைப் பாய் பின்புறப் படுக்கைக்கு அழகு. ஓட்டுநரின் காலடியில் அது வழுக்கும்.

காலடி என்பது உயிர் சார்ந்த இடம். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே லெக்ஸஸ் கார் ஒன்று கட்டுக்கடங்காமல் ஓடி விபத்துக்குள்ளாகி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் உயிரிழந்தனர். வேறொரு மாதிரி வண்டிக்கான தரை மிதியை அதில் போட்டிருந்ததால் ஆக்சிலரேட்டர் பெடல் அதில் சிக்கிக்கொண்டதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அதன் பிறகு டொயோட்டா நிறுவனம் அந்நாட்டில் சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு இது குறித்த திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட நேர்ந்தது. புதிய விரிப்பு பழையதைவிடச் சற்றே தடிமனாக இருந்தாலும் பெடலின் இறக்கம் குறையும். வண்டி நிற்கும்போது மூன்று பெடல்களையும் அடிவரை மிதித்து, விட்டவுடன் தடையின்றி மேலே வருகின்றனவா என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

வேலை முடிந்ததும் இரவில் வண்டியை இருட்டில் நிறுத்தி, அடியில் ஒரு விளக்கைப் பிடித்து, விரிப்பைத் தூக்கிய நிலையில் உள்ளிருந்து பார்க்கலாம். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே புகையும் வரும். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இணையக் கடைகளில் கிடைக்கிறது. கேரவனில் உறங்குவோர் அதைப் படுக்கையின் தலைமாட்டில் மாட்டி, மாதமொரு முறை பொத்தானை அழுத்தி ஒலிக்கிறதா எனச் சோதித்து வர வேண்டும்.