மைசூரு வாணமும் நியூட்டனின் மூன்றாம் விதியும்

மைசூரு நகருக்கு வடகிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், காவிரி இரு கிளையாகப் பிரிந்து சூழ்ந்த தீவொன்றில் ஸ்ரீரங்கப்பட்டணம் அமைந்துள்ளது. அங்குள்ள தரியா தௌலத் பாக் மாளிகையின் சுவரில், 1780ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் நிகழ்ந்த போர் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. கர்னல் பெய்லி தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை அப்போரில் தோற்றது. அப்படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியது தோல்விக்கு ஒரு காரணம். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அப்போரில் பயன்படுத்திய ஆயுதங்களுள் ஒன்று இரும்பு வாணம்.

அதன் அமைப்பு மிக எளியது. சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய். ஒரு முனை அடைப்பு, மறு முனையில் சிறு துளை. உள்ளே இறுக்கி அடைத்த கருமருந்து. குழாயோடு தோல்வாரால் பிணைக்கப்பட்ட நீண்ட மூங்கிற்கழி. இவ்வளவே. 2018ஆம் ஆண்டு சிவமொக்கா மாவட்டத்து நகர என்னும் ஊரில் பாழ்கிணறு ஒன்றிலிருந்து இத்தகைய வாணங்கள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன.

இவ்வாணத்தை முன்னோக்கித் தள்ளுவது எது? வகுப்பில் இவ்வினாவை எழுப்பினால், பெரும்பாலான மாணாக்கர், “பின்னால் வரும் புகை காற்றை உதைக்கிறது, காற்று திருப்பி உதைக்கிறது” என்று விடை கூறுவர். இவ்விடை தவறு. ஆயினும் மாணாக்கரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. 1920ஆம் ஆண்டு, அமெரிக்க விஞ்ஞானி காடார்ட் ராக்கெட்டைச் சந்திரன் வரை அனுப்ப இயலும் என்று கூறியபோது, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையே, வெற்றிடத்தில் உதைப்பதற்கு ஒன்றுமில்லையே என்று அவரை எள்ளித் தலையங்கம் எழுதியது. அப்பத்திரிகை தன் பிழையை ஒப்புக்கொண்டது 1969ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள். மனிதர் சந்திரனை நோக்கிப் புறப்பட்ட மறுநாள். அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே காடார்ட் காலமாகிவிட்டார்.

சரியான விடையைக் காணக் காவிரித் துறைக்கே செல்வோம். பரிசலில் நிற்கும் ஒருவர் கரைக்குத் தாவுகிறார். அவர் கரையை அடையுமுன்னரே பரிசல் பின்னுக்கு நகர்ந்துவிடுகிறது. அவர் பரிசலைத் தள்ளினார். பரிசல் அதே அளவு விசையுடன் அவரைத் தள்ளியது. கரைக்கு இதில் பங்கு ஏதுமில்லை. வாணத்திலும் நிகழ்வது இதுவே. தாவுகிறவரின் இடத்தில் வாயுவையும், பரிசலின் இடத்தில் இரும்புக் குழாயையும் வைத்துக்கொள்க. குழாய் வாயுவைப் பின்னோக்கித் தள்ளுகிறது; வாயு குழாயை முன்னோக்கித் தள்ளுகிறது. வெளிக்காற்று இவ்விரண்டுக்கும் இடையே நுழைவதில்லை.

இதைப் பள்ளியிலேயே செய்து காட்டலாம். சிறுவர் விளையாடும் பால்பேரிங் சக்கரப் பலகை ஒன்றை வழவழப்பான தரையில் வைத்து, அதன்மேல் ஒரு மாணவனை அமரச் செய்க. நான்கு அல்லது ஐந்து கிலோ மணல் நிரப்பிய பையை அவன் பின்புறமாக வேகமாக எறியட்டும். பலகை முன்னே நகரும். எப்பொழுது நகரத் தொடங்குகிறது என்பதை மற்ற மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். பை தரையில் விழுந்த பின்பா? அன்று, கையைவிட்டு அது நீங்குவதற்குள்ளாகவே. பலூனைப் பறக்கவிட்டுக் காட்டும் வழக்கமான சோதனையைவிட இது மேலானது என்பது என் கருத்து. பலூனைச் சுற்றிலும் காற்று இருப்பதால், பழைய ஐயம் மாணாக்கர் மனத்தில் அப்படியே தங்கிவிடுகிறது.

இங்கே சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். வினை, எதிர்வினை என்னும் சொற்கள் நம் பாடநூல்களில் வேரூன்றிவிட்டன. எனினும் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு அவற்றில் முழுத் திருப்தி இல்லை. வினை என்றதும் முன்னர்ச் செய்த செயலும், எதிர்வினை என்றதும் பின்னர் வந்து சேரும் பயனும் நம் நினைவுக்கு வருகின்றன. நியூட்டன் கூறிய இரு விசைகளுக்கு முன்பின் கிடையாது. இரண்டும் ஒரே கணத்தில் தோன்றி ஒரே கணத்தில் மறைபவை. எதை வினை என்று அழைத்தாலும் தவறில்லை. ‘எதிர்’ என்னும் அடையோ, ஒன்றையொன்று அழித்துவிடும் என்று எண்ணச் செய்கிறது. ‘இணைவிசைகள்’ என்று கூறின் இத்தொல்லை குறையும்.

அழித்துவிடும் என்னும் எண்ணத்திலிருந்து பிறப்பதே பழைய வண்டிப் புதிர். மைசூரில் இன்றும் ஓடும் ஜட்காவைக் கண்ட மாணவன், “குதிரை வண்டியை இழுக்கும் அளவுக்கே வண்டியும் குதிரையைப் பின்னிழுக்குமாயின், ஜட்கா நகர்வது எவ்வாறு?” என்று கேட்பான். இணைவிசைகள் இரண்டும் ஒரே பொருளின்மீது செயற்படுவதில்லை என்பதே விடை. வண்டியை மட்டும் தனியே நோக்குக. அதன்மீது குதிரையின் இழுப்பு முன்னோக்கியும், உராய்வு பின்னோக்கியும் உள்ளன. இழுப்பு மிகுமானால் வண்டி புறப்படும். பின்னர்க் குதிரையைத் தனியே நோக்குக. அது குளம்பால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை அதனை முன்னோக்கித் தள்ளுகிறது. வழுக்கும் சாலையில் குதிரை திணறுவது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

மீண்டும் வாணத்துக்கு வருவோம். கணக்கின் வசதிக்காகச் சில எண்களைக் கொள்வோம். நேர் மேலே ஏவப்பட்ட ஒரு வாணத்தின் நிறை 3 கிலோகிராம். அது வினாடிக்கு 0.2 கிலோகிராம் வாயுவை, வினாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் வெளியேற்றுகிறது. இரண்டையும் பெருக்கினால் உந்துவிசை 120 நியூட்டன். வாணத்தின் எடை ஏறத்தாழ 30 நியூட்டன். எஞ்சிய 90 நியூட்டனை 3 கிலோகிராமால் வகுத்தால், புறப்படும்போது முடுக்கம் வினாடிக்கு வினாடி 30 மீட்டர். மருந்து எரிய எரிய நிறை குறைவதால் முடுக்கம் மேலும் வளரும்.

வாயுவின் வேகம் இரட்டித்தால் உந்துவிசையும் இரட்டிக்கும். இரும்பின் சிறப்பு இங்கேதான் புலப்படுகிறது. அக்காலத்து ஐரோப்பிய வாணங்கள் காகித அட்டைக் குழாயால் ஆனவை. அழுத்தம் மிகுந்தால் கிழிந்துவிடும். இரும்புக் குழாயோ மிக்க அழுத்தத்தைத் தாங்கி, வாயுவை விரைந்து வெளியேற்றும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை அவ்வாணங்கள் சென்றன. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவற்றுட் சில இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன; வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து உருவாக்கிய ராக்கெட்டுகளை ஆங்கிலேயர் 1806இல் பிரெஞ்சுத் துறைமுகமாகிய பூலோன்மீது ஏவினர்.

இனி மூங்கிற்கழி. கருமருந்தில் உள்ள வெடியுப்பே எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தருவதால், வாணம் எரிவதற்கும் காற்று வேண்டுவதில்லை, உந்துவிசைக்கும் வேண்டுவதில்லை. கழிக்கு மட்டும் காற்று இன்றியமையாதது. வாணம் சற்றே திரும்பினால், பின்னே நீண்டிருக்கும் கழியின்மீது காற்று மோதி, முனையை மீண்டும் செல்லும் திசைக்கே திருப்புகிறது. வெற்றிடத்தில் இக்கழி வெறுஞ் சுமை. ஆகவே இன்று விண்வெளிக்குச் செல்லும் ராக்கெட்டுகளில், வாயு வெளியேறும் வாயையே சற்றுச் சாய்த்தோ, பக்கவாட்டில் சிறு வாயுத் தாரைகளைச் செலுத்தியோ திசையைத் திருத்துகின்றனர்.