உம்பாய்க் காற்றும் கார்பரேட்டர் ஜெட்டும்

இரு வீச்சு மோட்டார்களைப் பற்றி மேல்நாட்டில் அச்சான கைந்நூல்களில் ஓர் அட்டவணை காணப்படுவது வழக்கம். ஒரு பக்கத்தில் காற்றின் வெப்பநிலை; மறு பக்கத்தில் கார்பரேட்டருக்குள் போட வேண்டிய மெயின் ஜெட்டின் எண். குளிர் கூடினால் பெரிய ஜெட், வெயில் ஏறினால் சிறிய ஜெட் என்பது அதன் சாரம். மலாக்கா வட்டாரத்தில் பழைய யமஹா ஆர்.எக்ஸ்.இசட். வண்டிகளைப் பேணி வருபவர்களிடையேயும் இவ்விதி செல்வாக்குப் பெற்றிருக்கிறது. 1980-களின் நடுவில் அறிமுகமாகி 2011 வரை மலேசியாவில் தயாரான அந்த 133 சி.சி. வண்டி, தோட்டத்து இளைஞர் பலருக்கு முதல் வண்டி. இன்று அதன் உதிரிப் பாகங்கள் விலையேறிவிட்ட நிலையில், ஒரு பிஸ்டன் கெடுவது சிறு நஷ்டமல்ல.

அட்டவணை பொய்யல்ல, அது பிறந்த நாடு வேறு. யமஹா நிறுவனம் 1987 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்ற ‘பான்ஷி’ என்னும் நான்கு சக்கர இரு வீச்சு வண்டியை எடுத்துக்கொள்வோம். கோடையில் மணல்மேட்டில் 30 டிகிரி வெயிலில் ஓடிய வண்டியே, குளிர்காலத்தில் பூஜ்யத்துக்கும் கீழே 20 டிகிரியில் பனியின் மீது ஓட நேரும். இவ்விரண்டுக்கும் இடையே காற்றின் அடர்த்தி நூற்றுக்கு இருபது பங்கு வேறுபடுகிறது. அங்கே ஜெட்டை மாற்றாதவன் பிஸ்டனை இழப்பான்.

உம்பாயில் நிலை என்ன? விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் 23 அல்லது 24 டிகிரி. பிற்பகலில் 32 அல்லது 33. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய இதே கதைதான். இந்தப் பத்து டிகிரி வித்தியாசத்தால் காற்றின் அடர்த்தி மாறுவது நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்றே கூடுதல். அந்த மூன்று பங்கும் கலவையில் அப்படியே பிரதிபலிப்பதில்லை. கார்பரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் மிதவை அறையிலுள்ள பெட்ரோலை ஜெட் வழியே மேலே இழுக்கிறது. காற்று லேசானால் அந்த இழுப்பும் தளர்கிறது. பெட்ரோலும் தானாகவே சிறிது குறைந்துவிடுகிறது. ஆனால் காற்று குறைந்த அளவில் ஏறத்தாழ பாதியே பெட்ரோல் குறைகிறது. எஞ்சும் பிழை நூற்றுக்கு ஒன்றரை பங்குதான். கடையில் கிடைக்கும் ஜெட்டுகளோ 100, 102.5, 105 என்று இரண்டரை எண் இடைவெளியில் வருபவை. காலைக்கொன்று, மாலைக்கொன்று என ஜெட் மாற்றுவது இந்த மண்ணில் வீண் வேலை.

ஈரப்பதம் என்ன ஆகும் என்று சிலர் கேட்கக்கூடும். காலைக் காற்று ஈரமாகவும் நண்பகல் காற்று உலர்ந்ததாகவும் உடம்புக்குத் தோன்றினாலும், கடலோரத்தில் காற்றில் கலந்திருக்கும் நீராவியின் அளவு இரு வேளையிலும் அதிகம் மாறுவதில்லை. காற்றில் சுமார் மூன்று பங்கு இடத்தை அது எப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. வண்டியை ஒருமுறை இங்கேயே சரிக்கட்டிவிட்டால் அந்தக் கணக்கும் அதற்குள் அடங்கிவிடும்.

மலையேறும்போதுதான் விவகாரம் தொடங்குகிறது. கேமரன் மலையில் தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் உறவினர் உள்ளவர்கள் விடுமுறையில் வண்டியிலேயே போய்வருவதுண்டு. தாப்பாவைத் தாண்டிச் சாலை வளைந்து ஏற ஏற, கம்பளிச் சட்டை தேவைப்படுகிறது. கைந்நூலை நம்புகிறவன் “குளிருகிறது, பெரிய ஜெட் போடு” என்பான். அங்கேதான் சறுக்கல். குளிரால் காற்றின் அடர்த்தி மூன்று பங்கு கூடுவது உண்மையே. ஆனால் உயரத்தால் காற்றழுத்தம் பதினைந்து பங்கு குறைந்துவிடுகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் உம்பாயில் இருந்ததைவிட அடர்த்தி பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு குறைவு. குளிர்ந்த காற்றாயினும் அது மெலிந்த காற்று. கலவையில் ஆறு, ஏழு பங்கு பெட்ரோல் மிகுந்துவிடும். வண்டி விட்டு விட்டு வெடிக்கும், புகை கூடும், பிளக் கறுத்து நனையும். பெரிய ஜெட் இக்கோளாறைப் பெருக்கவே செய்யும்; அங்கே வேண்டியது இரண்டொரு எண் சிறிய ஜெட்.

இதுவரை நேர்ந்தது தொல்லைதான், ஆபத்தல்ல. பெட்ரோல் மிகுந்தால் பிளக் கெடும், பிஸ்டன் கெடாது. ஆபத்து இறங்கி வரும்போது இருக்கிறது. மலையில் சிறிய ஜெட்டைப் போட்டுச் சுகமாக ஓட்டியவர், அதை மறந்து தாப்பாவில் இறங்கி, நெடுஞ்சாலையில் ஆயர் குரோவை நோக்கி முழு வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாழ்நிலத்தில் காற்று மறுபடியும் கனத்துவிட்டது. பெட்ரோலோ மலைக்கு அளந்தது. இரு வீச்சு மோட்டாரில் பெட்ரோல் எரிபொருள் மட்டுமன்று, பிஸ்டனின் தலையைக் குளிர்விக்கும் பொருளுமாகும். அது குறைந்தால் வெப்பம் ஏறும். அலுமினியப் பிஸ்டன், இரும்புச் சிலிண்டரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவடையும் இயல்புடையது. இடைவெளி மறைந்ததும் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கிறது. பின்சக்கரம் சுழலாமல் இழுபடும். அந்தக் கணத்தில் கிளட்சைப் பிடிக்கும் கை உயிரைக் காக்கும். அனுபவமுள்ள ஓட்டிகள் நீண்ட ஓட்டத்தில் இரண்டு விரலைக் கிளட்சின் மீதே வைத்திருப்பது இதற்காகத்தான்.

மலைக்குப் போனாலும் ஜெட்டைத் தொடாமல், சற்றுப் புகையோடும் தடுமாற்றத்தோடும் இரண்டு நாள் ஓட்டிவிட்டுத் திரும்புவது புத்திசாலித்தனம். தடுமாற்றம் பொறுக்கவில்லையென்றால் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றலாம். அப்போதும் இறங்குமுன் பழைய இடத்துக்கு மாற்றியாக வேண்டும்.

உம்பாய், மெர்லிமாவ், ஜாசின் பக்கங்களில் மலையே ஏறாத வண்டிகளும் ஜாம் ஆகின்றனவே என்றால், அதற்கு வானிலையைவிட நெருக்கமான காரணங்கள் உண்டு. கார்பரேட்டரை மோட்டாரோடு இணைக்கும் ரப்பர் வெடித்துக் காற்றை உள்ளே விடலாம். சத்தத்துக்காகக் காற்று வடிகட்டியின் பெட்டியைக் கழற்றி எறிந்தவர்கள், கைந்நூல் அட்டவணையில் இருபது டிகிரி குளிரைவிடப் பெரிய மாற்றத்தைத் தம் கையாலேயே செய்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். விடியற்காலையில் உதைத்துக் கிளப்பிய அரை நிமிடத்தில் முழுவேகம் முறுக்குவது இன்னொன்று. பிஸ்டன் சீக்கிரம் சூடேறி விரிந்துவிடும். சிலிண்டர் அதற்குள் சூடேறியிருக்காது. இப்படி நேரும் ஜாமுக்குப் பழி வந்து சேர்வது பாவம் காலைக் காற்றின்மேல்! தவிர, செம்மண் தடத்தில் பாதித் திறப்பில் ஓடும் வண்டியை ஆள்வது பெரும்பாலும் ஊசிதான். மெயின் ஜெட் தன் அதிகாரத்தைக் காட்டுவது முக்கால் திறப்புக்கு மேலேதான்.

செம்பனைத் தோட்டங்களில் தோளில் மாட்டும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் இக்கணக்கு பொருந்தும், அதுவும் இன்னும் கடுமையாக. அதில் எண்ணெய் பெட்ரோலிலேயே கலந்திருப்பதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. பெரும்பாலானவற்றில் மாற்றும் ஜெட்டுக்குப் பதிலாக ஒரு திருகு இருக்கும். அதை இறுக்க இறுக்க இயந்திரத்தின் ஓசை கூர்மையாகி, வேகமும் கூடியதுபோல் இருக்கும். ஜாம் ஆவதற்குச் சற்று முன்புதான் அது மிக இனிமையாகப் பாடும். கை தேர்ந்தவர்கள் முழு வேகத்தில் இலேசான தடுமாற்றம் கேட்கும்வரை அத்திருகைத் தளர்த்திவிடுவார்கள். கத்தி புல்லில் பட்டதும் அந்தத் தடுமாற்றம் மறைந்துவிடும்.