புதுக் கம்ப்யூட்டருக்கு முதலில் சூடு பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள், விண்டோஸ் திரை வந்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக் கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2022 மே மாதம். பூந்தமல்லியில் இருக்கும் என் தங்கை, வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்ய முடிவு செய்தாள். வளையலை அடகு வைத்து வந்த பணத்தில், ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கினோம். இன்டெல் கோர் ஐ5 12400 பிராசசர், அதனுடன் பெட்டியிலேயே வரும் ஃபேன். அசெம்பிள் செய்தது நான்தான்.

நான்காம் நாள் இரவு போன் வந்தது. "அண்ணா, முதல் ஆர்டர். காலையில கொடுக்கணும். ரெண்டு நிமிஷம் வேகமா ஓடுது, அப்புறம் ஆமை மாதிரி ஆயிடுது."

அவளுடைய அறை மாடியில், நேராகத் தளத்தின் கீழே உள்ளது. இரவு 9 மணிக்கும் உள்ளே 34 டிகிரி. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச புரோகிராமை நிறுவி, அது கேட்கும்போது 'சென்சார்ஸ் ஒன்லி' என்பதைத் தேர்வு செய்தேன். வேலை எதுவும் கொடுக்காமலே பிராசசர் 60 டிகிரி காட்டியது. ரெண்டர் செய்யச் சொன்னதும் சில நொடிகளில் 100! உடனே 4 கிகாஹெர்ட்ஸ் வேகம் 2க்கு அருகே இறங்கியது. 'தெர்மல் திராட்லிங்' என்ற வரியில் 'யெஸ்' என்று வந்தது.

இந்த பிராசசருக்கு 100 டிகிரிதான் உச்சவரம்பு. அதைத் தொட்டவுடன் அது தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக் கொள்கிறது. (முன்பு எல்லா பிராசசருக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. டாம்ஸ் ஹார்டுவேர் தளம் 2001ல் ஓடிக்கொண்டிருந்த பிராசசர்களின் மேலிருந்து ஹீட்சிங்கை எடுத்துப் பார்த்தது. பென்டியம் 4 மெதுவானது. ஏஎம்டி அத்லான் கருகியே போனது.) வரம்பு எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. ரைசன் 5 5600க்கு 90, ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. உங்கள் மாடலின் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துக் கொள்ளவும்.

பயாஸில் தெரியும் வெப்பநிலையை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே கம்ப்யூட்டருக்கு உண்மையான வேலைச் சுமை கிடையாது. நீங்கள் வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை இருபது நிமிடம் ஓடவிட்டு, 'மேக்ஸிமம்' என்ற கட்டத்தைப் பாருங்கள்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு கேபினெட்டைத் திறந்தேன். ஹீட்சிங்கின் நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். ஒரு மூலை லேசாக ஆடியது. தவறு என்னுடையது. பின்னின் தலையில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து, அந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று திருப்பியிருந்தேன். உண்மையில் அது கழற்றுவதற்கான திசை! மாட்டும்போது திருப்பவே கூடாது. 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினால் போதும்.

பஸ் நிலையம் பக்கம் மூடிக் கொண்டிருந்த ஒரு சர்வீஸ் கடையில் தெர்மல் பேஸ்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வாங்கி வந்தேன். ஹீட்சிங்கை ஒருமுறை எடுத்தால் பழைய பேஸ்ட்டை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக இட வேண்டும். பட்டாணி அளவு, நடுவில். பின்களை எதிரெதிர் மூலைகளாக அழுத்தினேன். பின்னர் மதர்போர்டைத் திருப்பி, நான்கு பின்களின் முனைகளும் மறுபக்கம் முழுதாக வெளியே வந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். முதல் நாளே இதைச் செய்திருந்தால் அரை நிமிட வேலை.

மறுபடி ரெண்டர். இந்த முறை 84 டிகிரியில் நின்றது, வேகம் குறையவில்லை. 84 அதிகம் இல்லையா என்று தங்கை கேட்டாள். ஃபேன் அறையின் காற்றைத்தான் எடுத்து வீசுகிறது; அறையே 34 என்றால் அதற்குக் கீழே கொண்டு போக எந்த ஃபேனாலும் முடியாது. சென்னையில் மே மாதத்தில், மாடி அறையில், முழுச் சுமையில் 84 என்பது எனக்குக் கவலை தரும் எண் அல்ல. மேஜையின் மரத்தடுப்புக்குள் திணித்து வைத்திருந்த கேபினெட்டை மட்டும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். ட்ரங்க் ரோட்டுத் தூசிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷும் போட வேண்டும்.

ரெண்டர் முடியும்போது மணி இரண்டரை. காலையில் பென் டிரைவைக் கைப்பையில் போட்டுக் கொண்டு அவள் கிளம்பும்போது நான் தூங்கிக் கொண்டிருந்தேன்.