ஆஸ்பத்திரியை மூடினால் நோயாளி எங்கே போவார்?

"இவன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று யாராவது கோபத்தில் சொல்லக் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. ஓர் ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகள் எல்லா நாட்டிலும் இரண்டு வேலை செய்தன: சிகிச்சை கொடுத்தன, நோயாளியை ஊரார் கண்ணில் படாமல் மறைத்தும் வைத்தன. அப்படியான ஆஸ்பத்திரியை மூடினால் நோயாளிக்கும் ஊருக்கும் என்ன நடக்கும்? இத்தாலியிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் நடந்தது இதற்கு இரண்டு விதமான பதில்.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் திரியெஸ்தே என்றொரு துறைமுக நகரம். 1971இல் அங்குள்ள சான் ஜொவான்னி மனநோய் ஆஸ்பத்திரிக்குப் பணிப்பாளராக வந்தவர் பிராங்கோ பசாலியா. உள்ளே சுமார் 1,200 பேர். பூட்டிய கதவுகளை அவர் திறந்துவிட்டார். கூலியில்லாமல் ஆஸ்பத்திரி வேலை செய்துவந்த நோயாளிகளுக்குக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சம்பளம் கிடைக்கச் செய்தார். 1973இல் நோயாளிகளும் கலைஞர்களும் பெரிய நீலக் குதிரை ஒன்றைச் செய்து நகரத்துக்குள் ஊர்வலம் போனார்கள். குதிரை வாசலில் அடங்கவில்லை; வாசலை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

ஊரார் பயந்தார்கள். பயத்துக்குக் காரணமும் இருந்தது. பசாலியா முன்பு வேலை செய்த கொரிட்சியாவில், 1968இல் விடுப்பில் வீட்டுக்குப் போன ஒரு நோயாளி தன் மனைவியைக் கொன்றுவிட்டார். பசாலியா மீது வழக்கு வந்தது, பின்னர் விடுதலையானார். இதைச் சொல்லாமல் அவரது வெற்றியை மட்டும் கதைப்பது நேர்மையல்ல.

ஆனால் திரியெஸ்தேயில் மூடும் வேலைக்கு முன்பே திறக்கும் வேலை தொடங்கிவிட்டது. நகரத்தின் பல பகுதிகளில் உளநல நிலையங்கள் வந்தன. சில கட்டில்கள்தான், ஆனால் இரவு பகலாக, ஏழு நாளும் கதவு திறந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குச் செலவான காசும் அங்கிருந்த தாதியரும் இந்த நிலையங்களுக்கு மாறினார்கள். 1978இல் வந்த 180ஆம் இலக்கச் சட்டம், நாடு முழுக்க மனநோய் ஆஸ்பத்திரிகளை மூடும் வழியைத் திறந்தது. சான் ஜொவான்னி 1980இல் மூடப்பட்டது. அந்த வளவு இன்று ரோசாத் தோட்டமும் பல்கலைக்கழகக் கட்டடங்களும் உள்ள பூங்கா.

சட்டம் எல்லா மாகாணத்துக்கும் ஒன்றுதான். நிலையங்கள் எல்லா இடத்திலும் வரவில்லை. வராத இடங்களில் பாரம் முழுக்கக் குடும்பத்தின் தலையில் விழுந்தது. சட்டத்தை மாற்றச் சொல்லிக் குடும்பத்தவர்களே சங்கம் அமைத்துப் போராடினார்கள்.

அமெரிக்காவில் நடந்தது இதைவிடப் பெரியது. 1955இல் அங்கே அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரிகளில் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். 1963இல் ஜனாதிபதி கென்னடி சமூக உளநல நிலையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். 1,500 நிலையங்கள் என்பது திட்டம். அதில் பாதியளவுதான் வந்தது. ஆஸ்பத்திரிகளோ வேகமாகக் காலியாயின. வெளியே வந்தவர்களில் பலர் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும், சிலர் தெருவுக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

நியூயோர்க் மாநிலத்து வில்லர்ட் ஆஸ்பத்திரி 1869இல் திறந்து 1995இல் மூடப்பட்டது. நூறு வருடத்துக்கு மேலாக அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்குத் தொழில் கொடுத்த இடம். மூடும்போது ஒரு பரணில் சுமார் 400 சூட்கேஸ்கள் கிடைத்தன. நோயாளிகள் வரும்போது கொண்டுவந்தவை. திரும்பிப் போக வாய்க்காமல் விட்டுப்போனவை. அதே வளவில் அதே வருடம் சிறைத் திணைக்களம், போதைப்பொருள் கைதிகளுக்கான நிலையமொன்றைத் திறந்தது.

இரண்டு இடத்திலும் மூடியது ஒன்றுதான். வித்தியாசம், காசும் ஆட்களும் நோயாளியின் பின்னாலே போனார்களா என்பதில் இருக்கிறது. போனால் ஊர் தாங்கும். போகாவிட்டால் ஒரு தாயோ சகோதரியோ தனியாகத் தாங்க வேண்டிவரும்.

நமது நாட்டின் 2005ஆம் ஆண்டு உளநலக் கொள்கையும் சேவையை மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுபோகச் சொன்னது. திசை சரி. ஆனால் எங்கட ஊர்களில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது: இரவு இரண்டு மணிக்கு மகன் நிலைகுலைந்தால், உம்மா தட்டுகிற கதவைத் திறக்க ஆள் இருக்கா?