பழைய கம்ப்யூட்டரும் குடும்பத்தின் ஆவணங்களும்: கிளவுடை நம்பும் முன் பார்க்க வேண்டியவை



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாதங்களில் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களிடம் நாங்கள் முதலில் கேட்பது ஆவணங்களைத்தான். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். "எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறோம், கிளவுடிலும் ஏறியிருக்கும்" என்று பலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். அதைப் போனில் திறந்து பார்த்தால், சில குடும்பங்களுக்குக் கடந்த சில வருடங்களில் சேர்த்த ஒரு கோப்பும் அங்கே இருப்பதில்லை. கம்ப்யூட்டரில் இருப்பது பழைய விண்டோஸ். கிளவுடுக்கு அனுப்பும் வேலை எப்போதோ நின்றுவிட்டது, வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

விண்ணப்பத்தின் கடைசி நாளில் இது தெரியவந்தால் ஒரு பிள்ளையின் ஒரு வருட உதவித்தொகை போய்விடும். இப்போதே தெரிந்துகொண்டால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

கிளவுட் என்பது என்ன?

நம் கோப்புகளின் பிரதியை இணையத்தின் வழியாக வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் வைத்திருப்பதுதான் கிளவுட் சேமிப்பு. கூகுள் டிரைவ், மைக்ரோசாப்ட் ஒன்டிரைவ் இரண்டும் நம்மிடையே அதிகம் புழக்கத்தில் உள்ளவை. கூகுள் கணக்கில் 15 ஜிபி வரை இலவசம், ஆனால் ஜிமெயிலும் போட்டோக்களும் அந்த இடத்தையே பங்குபோட்டுக்கொள்ளும். ஒன்டிரைவில் 5 ஜிபி இலவசம்.

இதை இரண்டு வழிகளில் பயன்படுத்தலாம். ஒன்று, கம்ப்யூட்டரில் ஒரு செயலியைப் போட்டுவிட்டால், குறிப்பிட்ட ஃபோல்டரில் நாம் வைக்கும் கோப்புகளை அதுவே மேலே அனுப்பும். இதற்கு 'சிங்க்' என்று பெயர். மற்றொன்று, குரோம் போன்ற பிரவுசரில் கணக்கைத் திறந்து, கோப்புகளை நாமே ஏற்றுவது. பழைய கம்ப்யூட்டரில் முதலில் கைவிடுவது சிங்க்தான்.

ஏன் நின்றுபோகிறது?

ஒவ்வொரு விண்டோஸுக்கும் ஒரு கால வரம்பு உண்டு. அதற்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட்டுகள் வராது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10 அன்றும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் அந்தக் காலம் முடிந்தது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொண்டால், பாதுகாப்பு அப்டேட்டுகள் மட்டும் மேலும் ஓராண்டு கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது.

விண்டோஸின் காலம் முடிந்தால் மற்ற செயலிகளும் ஒவ்வொன்றாக விலகிக்கொள்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றில் ஒன்டிரைவ் செயலியின் சிங்க் 2022 மார்ச் 1 முதல் நிறுத்தப்பட்டது. கூகுளின் பழைய 'பேக்கப் அண்ட் சிங்க்' 2021 அக்டோபரில் முடிவுக்கு வந்தது. அதற்குப் பதிலாக வந்த செயலியும் 2023 ஆகஸ்டில் விண்டோஸ் 8, 8.1 மற்றும் 32-பிட் விண்டோஸ்களைக் கைவிட்டது. விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றுக்கு வந்த கடைசி குரோம், 109-ஆம் பதிப்பு.

ஃபோல்டர் அப்படியே இருக்கும், அதில் கோப்புகளும் சேரும். அவை மேலே போவது மட்டும் நின்றிருக்கும். ஃபோல்டரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது எது?

கீபோர்டில் விண்டோஸ் சின்னமுள்ள பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறிய பெட்டியில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளையும் இடைவெளியில்லாமல் தட்டி என்டர் அழுத்துங்கள். எந்த விண்டோஸ் என்று திரையில் வந்துவிடும்.

அடுத்து, வீட்டில் உள்ள போனில் அதே கணக்கில் கிளவுடைத் திறந்து, கம்ப்யூட்டரில் கடைசியாகச் சேர்த்த கோப்பு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிங்க் நின்றுவிட்டது என்று பொருள்.

கோப்புகளை மேலே ஏற்றுவது எப்படி?

முதல் வழி, கம்ப்யூட்டரைத் தொடாமலே செய்வது. காகித ஆவணம் கையில் இருந்தால் போனிலேயே ஸ்கேன் செய்து ஏற்றிவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவ் செயலிக்குள்ளேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. அப்டேட் வரும் போனாக இருந்தால், பழைய கம்ப்யூட்டரைவிட அது பாதுகாப்பானது.

இரண்டாவது, கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் கோப்புகளை யுஎஸ்பி கேபிள் மூலம் போனுக்கு மாற்றி, அங்கிருந்து ஏற்றுவது. வாட்ஸ்அப்பில் அனுப்பி மாற்றுவதானால் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் தெளிவு குறைந்து, சான்றிதழில் உள்ள எண்கள் படிக்க முடியாமல் போகலாம்.

மூன்றாவது, வேறு வழியில்லாதபோது, பழைய கம்ப்யூட்டரின் பிரவுசரிலேயே ஏற்றுவது. விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி ஃபயர்ஃபாக்ஸ், 115 இஎஸ்ஆர் என்ற பதிப்பு. குரோம் 109-க்குப் பிறகும் அதற்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் வந்ததால், இரண்டில் இதுவே மேல். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று வந்தால் முதலில் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர்களில் மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்று தேதியை வைத்தே சரிபார்க்கப்படுவதால், தேதி தவறினால் இணைப்பு மறுக்கப்படும். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

கணக்கைக் காப்பது

பழைய விண்டோஸில் உள்ள ஓட்டைகள் அடைபடுவதில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களில் உள்ள கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளின் வேலையே பாதிக்கப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களே மாட்டிக்கொண்டார்கள். இன்றைய பழைய விண்டோஸ்களுக்குப் போடுவதற்கே அப்டேட் இல்லை.

ஆகவே, இத்தகைய கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். வங்கியோடு இணைந்த மின்னஞ்சலையும் திறக்க வேண்டாம். ஆவணங்களுக்கென்று தனியாக ஒரு கணக்கு தொடங்கி, அதற்கு வேறு பாஸ்வேர்டு வையுங்கள். போனுக்கு வரும் குறியீட்டைக் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். அந்தக் குறியீட்டை யார் போனில் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சொல்லிவையுங்கள். இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

கிளவுட் மட்டும் போதாது

சிங்க் என்றால் இங்கே நடப்பதெல்லாம் அங்கேயும் நடக்கும். கம்ப்யூட்டரில் பிள்ளைகள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் கிளவுடிலும் அது அழியும். வைரஸ் பூட்டிய கோப்பும் அப்படியே மேலே போகும். கூகுள் டிரைவிலும் ஒன்டிரைவிலும் அழித்தவை 30 நாட்கள் குப்பைக் கூடையில் இருக்கும், பிறகு போய்விடும்.

எனவே பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கிலோ இன்னொரு பிரதி வேண்டும். அதை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காமல், பிரதி எடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள்.

அரசு ஆவணங்களுக்கு 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரும் இருக்கிறது. ஆதார், ஓட்டுநர் உரிமம், பல தேர்வு வாரியங்களின் மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றை அந்தந்தத் துறையிடமிருந்தே அதில் பெறலாம். அவ்வாறு வழங்கப்பட்டவை சட்டப்படி அசலுக்கு நிகரானவை. நாமே ஸ்கேன் செய்து அதில் ஏற்றியவற்றுக்கு அந்த மதிப்பு இல்லை.

கம்ப்யூட்டரை என்ன செய்வது?

தூக்கிப்போட வேண்டியதில்லை. 4 ஜிபி ரேம் உள்ள 64-பிட் கம்ப்யூட்டராக இருந்தால், லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, பாதுகாப்பு அப்டேட்டுகளுடன் இன்னும் சில வருடம் ஓட்டலாம். பிரவுசர், தமிழ் தட்டச்சு, கடிதம் எழுதும் மென்பொருள் எல்லாம் அதில் உண்டு. கூகுள் டிரைவுக்கான சிங்க் செயலியைக் கூகுள் லினக்ஸுக்குத் தருவதில்லை என்பதால், பிரவுசர் வழியாகவே ஏற்ற வேண்டும். இயங்குதளத்தை மாற்றும்போது கம்ப்யூட்டரில் உள்ளவை அழிந்துவிடலாம். முதலில் பிரதி எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்த பிறகே கடைக்குக் கொண்டுபோங்கள்.

பள்ளிவாசல், மதரஸா அலுவலகங்களில் கணக்குப் பார்க்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நிக்காஹ் பதிவேட்டின் ஸ்கேன் பிரதி, சந்தா விவரம், உதவி பெறுவோரின் பெயர்கள் எல்லாம் அங்கே பெரும்பாலும் பழைய கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. அவை பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவற்றை ஒருவருடைய சொந்த மின்னஞ்சல் கணக்கில் ஏற்றாமல், நிர்வாகத்தின் பெயரில் கணக்கு தொடங்கி, பொறுப்பாளர்கள் இருவருக்காவது அதன் விவரம் தெரியும்படி வையுங்கள்.

வரும் ஜும்ஆவுக்குள் வீட்டில் ஒருவர் போனை எடுத்து, கிளவுடில் கடைசியாக ஏறிய கோப்பின் தேதியைப் பார்க்கட்டும். அது பழைய தேதியாக இருந்தால், பிள்ளைகளின் சான்றிதழ்களை முதலிலும், வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட் நகல்களை அடுத்தும், போட்டோக்களைக் கடைசியிலும் ஏற்றுங்கள். செய்ய முடியாதவர்கள் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அலுவலக நேரத்தில் வாருங்கள், உங்கள் போனிலேயே ஏற்றிக் காட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ். பாஸ்வேர்டை மட்டும் எங்களிடம் சொல்ல வேண்டாம். அதை நீங்களே தட்டுங்கள்.